ஆறு பேரின் சஹன்

அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லை ஒல்லாந்தர் விட்டுப் போனார்கள். நான் அதற்குள்ளே ஒரு ஆயுளைக் கழித்துவிட்டு வந்தேன். அங்கே நான் உட்கார்ந்த கதிரை போர்த்துக்கேயருடையது. பேனை வைத்த மேசை லாச்சி மறுபடியும் ஒல்லாந்தருடையது. இப்போது வீட்டில் தனியே இருக்கும்போது பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது யார் விட்டுப் போனது என்று கேட்டுக்கொள்வது என் பொழுதுபோக்கு. அலமாரி, சாவி, துவாய், விறாந்தை. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சொற்களை மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டார்கள். அவை என்னோடு இருக்கின்றன, சாப்பாடு கேட்பதில்லை.

வீடு என்னுடையதல்ல. கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போவான். அப்படிப் போனேன். பிறகு அந்த வீட்டை மகளின் பெயருக்கு எழுதியபோது, உறுதிப் பத்திரத்தில் எல்லைகள் சரியா என்று நானே பார்த்துக் கொடுத்தேன். மனைவி மௌத்தாகி அடக்கமாகிவிட்டா. மகள் கணவனோடு கட்டாரில். இந்த வீட்டில் என் நிலை என்ன என்று யாராவது கேட்டால், உரிமையாளரின் தயவில் தங்கியிருப்பவர் என்பதே சரியான பதில். அப்படி எழுதித் தாருங்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

என்னுடையது என்று இருப்பது ஒரு பெயர்தான். எங்கள் ஊர் முஸ்லிம்களுக்குக் குடி என்று ஒன்று உண்டு. அது தாய் வழியாக வரும். வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. ஒரே குடிக்குள் கலியாணமும் இல்லை. ஆகவே என் மகள் என் மனைவியின் குடி. நான் என் உம்மாவின் குடி. குடிகளின் பெயர்கள் பலவகை. சில தொழிலால் வந்தவை, சில வீட்டு அடையாளத்தால் வந்தவை. எங்களுடையது ஒரு பெண்ணின் பெயர். நாச்சி என்று முடியும். முழுப் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அவள் தங்கள் வீட்டில் நெல் குத்தியவள் என்று கதைக்கும் பெரிய குடிகளைச் சேர்ந்த சிலர் இருக்கிறார்கள். அச்சில் ஏற்றி அவர்களுக்கு வசதி செய்துகொடுக்க மனமில்லை.

அவளை நான் தேடியிருக்கிறேன். எங்கள் முன்னோராகக் கடலில் வந்த ஆண்களைப் பற்றி எழுதாத சரித்திரமில்லை. என்ன கொண்டுவந்தார்கள், யாருக்காகச் சண்டை பிடித்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அவர்களுக்குச் சோறு போட்டவளைப் பற்றி ஒரு வரி இல்லை. முக்குவர் வீட்டுப் பெண் என்றார் ஒருவர். மலையாளக் கரையிலிருந்து வந்தவள் என்றார் இன்னொருவர். ஒல்லாந்தர் காலத்துக் காணியையே தோம்பு என்ற பழைய பதிவேட்டில் தேடிப் பிடிக்கத் தெரிந்தவன் நான். இவளிடம் தோற்றேன். பெண்கள் வாயிலிருந்து பெண்கள் வாய்க்கு வந்த பெயர், அவ்வளவுதான் மிச்சம்.

அந்த வாய்களும் இப்போது இல்லை. என் தாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, பிள்ளை இல்லை. சாச்சியின், உம்மாவின் தங்கையின், மகள்களும் பேத்திகளும் கடலோரத் தெருவில் இருந்தார்கள். கடல் ஊருக்குள் வந்த அன்று அந்தத் தெரு போயிற்று. மிஞ்சியது நான். ஆணாகையால் நான் பெயரைச் சுமக்கலாம், கொடுக்க முடியாது.

அந்தப் பெயர் இனி வாய்விட்டுச் சொல்லப்படும் ஒரே இடம் எங்கள் பள்ளிவாசலின் வருடாந்தக் கந்தூரி. குடி குடியாகக் கூப்பிட்டு, ஆறு பேருக்கு ஒரு சஹன் வைப்பார்கள். சஹன் என்பது நடுவில் சோறு குவித்த பெரிய தட்டு. அரபியில் அந்தச் சொல்லுக்கு முற்றம் என்றும் பொருளுண்டு. கந்தூரி பாரசீகத்தில் சாப்பாட்டு விரிப்பு. விரிப்பு எப்போதோ கிழிந்து, பெயர் விருந்துக்கு வந்துவிட்டது.

இம்முறை கந்தூரிக்கு முன் நிர்வாகக் கூட்டம் கூடியது. ஒவ்வொரு குடிக்கும் அதன் சார்பில் பேச ஒரு மரைக்கார் இருப்பார். என் குடிக்கு நானே மரைக்கார். என்னை நானே ஏகமனதாகத் தெரிவுசெய்திருந்தேன். செயலாளர் வங்கியில் வேலைசெய்யும் தம்பி, நல்ல பிள்ளை. சின்னக் குடிகளைப் பெரிய குடிகளோடு சேர்த்தால் பரிமாற லேசு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சேர், உங்கட குடியில நீங்க மட்டும்தானே. மாமிட குடியோட சேர்த்துப் போடுவமா?”

மாமி என்றது என் மனைவியை. முன்மொழிந்தவருக்கு வழிமொழிய உடனே ஆள் கிடைத்தது. எதிர்ப்பதென்றால் என் பக்கம் வழிமொழிய ஆளில்லை. ஒழுங்குப் பிரச்சினை ஒன்று எழுப்ப அனுமதி கேட்டேன்.

“ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்கிறல்ல. அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரோட குடும்பம் நடத்தினன் தம்பி? தங்கச்சியோடயா?”

மனைவியின் தம்பி, அந்தக் குடியின் மரைக்கார், தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: “அப்ப மச்சான் நீங்க எனக்குக் கூடப்பிறந்த காக்காவா? இவ்வளவு நாளும் வீணா மாப்பிள்ள மரியாத தந்துட்டனே.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தீர்மானத்தைக் கைவிட்டதாகப் பதியச் சொன்னேன். செயலாளர் பதிந்தார். ஆனால் சஹன் வைத்தால் அதில் ஆள் இருக்க வேண்டும், வெறும் சஹன் இருந்தால் அடுத்த முறை பெயர் கூப்பிடமாட்டோம் என்றும் சொன்னார். நியாயமான நிபந்தனை. நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

கந்தூரியன்று வெள்ளைச் சேட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நேரத்துக்கே போனேன். ஒலிபெருக்கியில் குடிகளின் பெயர்கள் வந்தன. கடைசியில் அவளுடைய பெயர். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தது. யாரும் கேட்காமலே, வரவு சொல்வதுபோல் “ஓம்” என்றேன்.

பாயில் இருந்தேன். சஹன் வந்தது. மாட்டிறைச்சி வாளியோடு வந்தவர் குனிந்து எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு ஆள் என்றேன். கை பழகிய பழக்கம், சோற்றைச் சுற்றி ஆறு இடத்திலும் ஊற்றிவிட்டுப் போனார்.

அடுத்த வட்டத்திலிருந்து மனைவியின் தம்பி கையைக் காட்டினார். அவருடைய சஹனில் ஐந்து பேர்தான்.

“வாங்க மச்சான், இஞ்ச ஒரு இடம் இரிக்கி. ஆரு பார்க்கப்போற?”

செயலாளர் தூணடியில் நின்று சஹன்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் பார்க்காவிட்டாலும் நான் எழும்பியிருக்கமாட்டேன். பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். சஹனில் சாப்பிடுபவர் தமக்கு முன்னால் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும், மற்றவரின் பக்கம் கை போகக்கூடாது. சின்ன வயதில் உம்மா சொல்லித் தந்த முறை. அந்த முறைப்படியே சாப்பிட்டேன். என் பக்கம் குழி விழுந்து தட்டு தெரிந்தது. மற்ற ஐந்து பக்கமும் வைத்தபடி இருந்தன.