வனேட்டா அணை போட்ட சனிக்கிழமை

வனேட்டா கிராஸ்பி இருபத்தாறு வருஷம் எங்கள் மாவட்டத்து மண் சாலைகளை கிரேடர் வண்டியால் சமன் செய்தவள். ஓய்வு பெற்ற மறு வாரமே ஒரு பழைய தபால் வேனை வாங்கினாள். சனிக்கிழமைதோறும் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு செம்பாறைப் பக்கம் கிளம்பிவிடுவாள். பெரிய பள்ளத்தாக்குகளுக்குப் போகமாட்டாள். "அதை யாரு வேணும்னாலும் காட்டுவாங்க," என்பாள். பாறைக்குள் குடைந்த பதினோரு அறை வீடு, சாலையோரத்து சிமெண்ட் டைனோசர், பீர் பாட்டில்களால் எழுப்பிய தேவாலயம். அவள் காட்டுவது இவற்றைத்தான்.

நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். ஓர் ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, வேனில் இடம் இருக்கிறதென்று நானும் ஏறிக்கொண்டேன். ஓஹாயோவிலிருந்து வந்த ஐந்து பேர் உடன் இருந்தார்கள்.

டைனோசரைக் கட்டியவர் ஆரின் ஸ்டப்ஸ். மனைவி இறந்த வருஷம் ஆரம்பித்து, ஒன்பது வருஷம் தனி ஆளாகக் கட்டினார். எங்கள் வேன் அங்கே போய் நின்றதும் கத்திக்கொண்டே வந்தார்.

"வந்துட்டியா? அன்னைக்கு கிரேடரால வாலை ஒடிச்சது பத்தாதா?"

"யோவ், பதினெட்டு வருஷம் ஆச்சு! ரோட்டுல வாலை நீட்டி வெச்சது யாரு?"

ஓஹாயோக்காரர்கள் சிரித்தார்கள். வனேட்டா சிரிக்கவில்லை. மேற்கே பாறைகளின் மேல் வானம் கருத்திருந்தது.

"ஓடையில வெள்ளம் வரப்போகுது. எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க."

டைனோசருக்குப் பின்னால் காய்ந்த ஓடை. அதன் கரை போன மழையிலேயே உடைந்திருந்தது. தண்ணீர் வந்தால் நேராக டைனோசரின் காலடிக்குத்தான் வரும். சாலை வேலைக்காகக் கொண்டுவந்த கிரேடர் ஒன்று கொஞ்சம் தள்ளி நின்றது. வனேட்டா சாலை வேலை மேஸ்திரியை போனில் கூப்பிட்டாள்.

"லாமார், வண்டி சாவி எங்க?"

"நீ ஒளிச்சு வெப்பியே, அங்கதான். ஆனா வனேட்டா, நீ இப்ப வேலையிலயே இல்ல..."

போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பத்தே நிமிஷத்தில் உடைப்பின் குறுக்கே இடுப்பளவுக்குச் செம்மண்ணைக் குவித்துவிட்டாள். அப்போதுதான் வெள்ளம் வந்தது. மரங்களைப் புரட்டிக்கொண்டு, செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி சிவப்பாக. அணையின் ஒரு முனை கரைந்தது. அவள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மறுபடி மண்ணைத் தள்ளினாள். சக்கரத்தில் பாதி தண்ணீருக்குள்.

"இறங்கி வந்துடு! வெறும் சிமெண்ட்தானே!" என்று ஆரின் அலறினார்.

"ஒன்பது வருஷத்த வெறும் சிமெண்டுங்கறியாய்யா!"

நான்காவது தடவை தள்ளியபோது மண் நின்றது. வெள்ளம் திரும்பித் தரிசு நிலத்துக்குள் பாய்ந்தது.

தண்ணீர் வடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. வனேட்டா வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். ஆரின் காபிக் கோப்பையை அவள் கையில் வைத்து, சிந்தாமல் இருக்கத் தன் கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அனுமதியில்லாமல் வண்டியை எடுத்ததற்காக அடுத்த வாரம் மாவட்டச் சாலை அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதற்கடுத்த மாதம் அதே அலுவலகம் அங்கே கருங்கல்லால் கரை கட்டியது.

அன்று பயணத்தை அத்தோடு முடிக்க யாருக்கும் மனசில்லை. பாட்டில் தேவாலயத்துக்குப் புறப்பட்டோம். ஆரினும் தொப்பியை எடுத்துக்கொண்டு ஏறினார். மாலை வெயில் பாட்டில்கள் வழியே பச்சையும் பழுப்புமாகத் தரையில் விழுந்தது. வனேட்டா கடைசி பெஞ்சில், பூட்ஸ் முழுக்கச் சேற்றோடு, நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.