கண்டாலா ஹோட்டலில் ஒரு நீலத் தொட்டில்

எங்கள் குடும்பத்தில் அறுபது வருடமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கண்டாலா மலையில் ஒரு ஹோட்டலில் ஒரே ஒரு நாள் தங்குவதற்காக அப்பா கொடுத்த காசு தகுமா, தகாதா என்பதுதான் அது. தகாது என்பது அம்மாவின் கட்சி. கண்ணை மூடும்வரை அதிலிருந்து அவள் இம்மியும் நகரவில்லை. அப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. பேச்சு எழுந்தாலே பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் வெகுகாலம் அம்மா கட்சிதான், அதுவும் அவளைவிடச் சத்தமாக. இன்று என் மகன் ராட்டினமும் நீச்சல் குளமும் ஹோட்டலும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டு வந்து, இவ்வளவு கொட்டிக் கொடுத்தது வீண்தானோ என்று மனைவியோடு மல்லுக்கு நிற்கிறான். நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரே அறை வீட்டில் இருந்தோம். அப்பா ஓர் இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா அதே பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டினார். அந்த வருடம் பட்டறைக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. கண்டாலாவில் பணக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டலின் தோட்டத்தில், பிள்ளைகள் விளையாட ஒரு குட்டி ரயிலும் ஆறு தொட்டில் வைத்த ராட்டினமும் வேண்டுமாம். ரயிலை வேறு யாரோ செய்தார்கள். ராட்டினம் எங்கள் பட்டறையில் தயாரானது, ஒவ்வொரு தொட்டிலும் ஒவ்வொரு நிறம். தீபாவளிக்குள் முடித்தாக வேண்டும் என்று அப்பா பல நாள் வீட்டுக்கே வராமல் பட்டறையில் கிடந்தார்.

இனிச் சொல்லப்போவது அப்பா இறந்த பிறகு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதைக் கடைசியில் வைத்துச் சொல்லலாம். ஆனால் அதுவரை நீங்களும் என்னைப் போலவே அப்பாவைத் திட்டிக்கொண்டு வருவீர்கள். அந்தப் பாவம் எனக்கு எதற்கு? நீலத் தொட்டிலைச் சக்கரத்தோடு கோத்துத் தாங்குகிற இரும்பு முளையில், பட்டறைப் பேச்சில் 'பின்'னில், ஒரு விரிசல் இருந்தது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய தண்டில் அதைக் கடைந்திருந்தார்கள். தலைமுடி கனத்துக்கு ஓடிய விரிசல், அப்பாவின் கண்ணுக்குத்தான் பட்டது. முதலாளி சேட்டிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஒன்றும் ஆகாது, மேலே பெயின்ட் அடி என்றார் சேட். வாசலில் லாரி வந்து நின்றது. அப்பா பெயின்ட் அடித்தார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கண்டாலாவுக்குப் போய், ஹோட்டல் வாசலில் நின்று, அந்த ராட்டினத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். தங்க வந்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று காவல்காரன் விரட்டிவிட்டான். உங்கள் ஆள் ஒருவன் வந்து தகராறு செய்கிறான் என்று சேட்டுக்கு டெலிபோன் வேறு போய்விட்டது. இன்னொரு தடவை அந்தப் பக்கம் போனால் உனக்கும் வேலை கிடையாது, உன் மைத்துனனுக்கும் கிடையாது என்றார் சேட். அப்போதுதான் அப்பா, தங்க வந்தவராகவே உள்ளே போவது என்று முடிவு செய்தார். மாமா யாருக்கும் தெரியாமல் நல்ல இரும்பில் புதிய பின் ஒன்றைக் கடைந்து கொடுத்தார். ஒற்றை ஆளாகப் போனால் சந்தேகப்படுவார்கள், குடும்பத்தோடு போங்கள் என்று யோசனை சொன்னதும் மாமாதான்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பொதுக்குழாயில் குடம் நிறைவதற்குள் கேம்ப் முழுக்கத் தெரிந்துவிடும், அங்கிருந்து பட்டறை இரண்டே தெரு. மாமா இதைச் சொன்னபோது அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா, நான் என்ன ஊரெல்லாம் தண்டோரா போடவா போறேன்?" என்றாள். அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னாள்.

சரி, பழைய நாளுக்கு வருகிறேன். அம்மா கம்மல் வாங்குவதற்காகச் சீட்டுக் கட்டி எடுத்த பணம் தகர டப்பாவில் இருந்தது. ஒருநாள் அப்பா வந்து, "பிள்ளையள ஒரு நாளு மலைக்குக் கூட்டிட்டுப் போவோம்ளா. ஓட்டல்ல ரூம் சொல்லியாச்சு" என்றார். அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலி.

"ஒங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? எங் கம்மலுலா அது."

"அடுத்த சீட்டுல எடுத்துக்கிடலாம்."

"ஒரு நாளு ஒறங்கி எந்திரிக்கதுக்கு ஒரு மாசச் சம்பளமா? அங்க என்ன, தங்கத்துலயா பாய் விரிச்சிருக்கான்?"

அப்பா பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மலைக்குப் போகிற சந்தோஷம் எனக்குப் பாதியாகிவிட்டது. அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்தது இரண்டு தடவையோ என்னவோதான்.

சனிக்கிழமை காலையில் தாதரில் பூனா ரயில் ஏறினோம். அப்பா, மாமாவின் கோட்டைப் போட்டிருந்தார். தோள் இரண்டும் தொங்கியது. மடியில் கனமான துணிப்பை ஒன்றை வைத்துக்கொண்டு யாரையும் தொட விடவில்லை. தம்பி அதன்மேல் தலை சாய்க்கப் போனபோதுகூட, "அங்கன சாயாதலே" என்று விலக்கினார். உள்ளே தின்பண்டம் இருக்கிறது, அப்பா ஒளித்துவைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்போதிருந்தே எனக்கு அவர்மேல் கோபம் ஆரம்பம்.

ஹோட்டல் வாசலில் காவல்காரன் சலாம் வைத்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக உள்ளே நுழைந்தார். சலாம் வாங்கிப் பழக்கமில்லாததால் என்று நான் எண்ணிக்கொண்டேன். மூன்று வாரம் முன்பு அதே ஆள்தான் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவன் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோட்டுப் போட்டவரை அவனுக்கும் அடையாளம் தெரியவில்லை.

எங்களுக்குக் கொடுத்த அறை எங்கள் வீட்டைப்போல மூன்று மடங்கு. அம்மா உள்ளே கால் வைத்ததிலிருந்து தாழ்ந்த குரலில்தான் பேசினாள். "ஏட்டி, அதத் தொடாத. அவன் ஒடைச்சிட்டன்னு காசு கேப்பான்." கண்ணாடி, பூச்சாடி, மெத்தை, எதையும் தொடக்கூடாது. நானும் தம்பியும் அறையின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பிறகு டீ கொண்டுவந்த பையன், ரயிலும் ராட்டினமும் வாடகையிலேயே சேர்ந்தது, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஹிந்தியில் சொன்னான். என் காதில் தேன் பாய்ந்தது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன்.

அப்பா எங்களுக்கு முன்பே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராட்டினத்தில் ஏறட்டுமா என்று கேட்டேன்.

"நாளைக்கி ஏறலாம்."

"ஏம்ப்பா? சும்மாதானாம், காசு கெடையாதாம்."

"நாளைக்கின்னு சொல்லுதேம்லா. ரயில்ல போ."

ரயிலில் போனோம். அது இரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. ராட்டினம் எங்கள் தலைக்குமேல் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு போய்வந்தது. யாரோ ஒரு பையன் நீலத் தொட்டிலில் ஏறினான். அப்பா எழுந்து போய் ராட்டினத்துக்கு அடியிலேயே, இரண்டு கையையும் லேசாக நீட்டியபடி நின்றார். அது சுற்றி முடிக்கும்வரை நின்றார். யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. மாமாவின் கோட்டையும் போட்டுக்கொண்டு இவர் ஏன் இப்படிப் பண்ணுகிறார்?

ராட்டினம் நின்றதும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி கையை உதறிக்கொண்டு ஓடி, காலியாக இருந்த அந்த நீலத் தொட்டிலுக்குள் ஏறி உட்கார்ந்தான். ஓட்டுகிறவன் கம்பியைப் போடக் குனிந்தான். அப்பா பாய்ந்து வந்து தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில் சட்டை தோளோடு கிழிந்தது. இறக்கிவிட்ட கையோடு முதுகில் ஓர் அறை. தோட்டம் முழுக்க எங்களைப் பார்த்தது. தம்பி அழக்கூட மறந்து நின்றான். அப்பா எங்களை அதுவரை அடித்ததே கிடையாது.

அதோடு விட்டாரா? டீ வாங்கிக்கொண்டு வந்து, தடுமாறியவர்போல அந்த நீலத் தொட்டிலின் பலகையிலேயே ஊற்றினார். ஓட்டுகிறவன் துடைத்தான். அடுத்த கிளாஸையும் வாங்கிவந்து அதே இடத்தில் ஊற்றினார். டீ குடிப்பதற்குத்தான் சாப், ஊற்றுவதற்கில்லை என்று அவன் ஹிந்தியில் முணுமுணுத்துவிட்டு, அன்று அந்தத் தொட்டிலை மட்டும் காலியாகவே சுற்றவிட்டான். நான் அறைக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். இவ்வளவு காசு கொடுத்து வந்து பிள்ளையை அடிக்கிறார், டீயைக் கொட்டுகிறார் என்று நானும் அம்மாவும் ஒரே குரலில் புலம்பினோம். தகாது என்ற கட்சியில் நான் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

விடியற்காலையில் தண்ணீர் விழும் சத்தத்தில் விழித்தேன். எங்கள் கேம்பில் குழாய் வருகிற நேரம் அது. அம்மா பழக்கத்தில் எழுந்து, குழாய் நிற்பதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று வாளி, ஜக்கு, டம்ளர் எல்லாவற்றையும் நிறைத்திருந்தாள். குளியலறையில் ஆள் படுத்துக் குளிக்கிற வெள்ளைத் தொட்டி ஒன்று இருந்தது. அதையும் விளிம்புவரை நிறைத்து, தூசி விழாமல் தன் பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தாள். "குளிக்கணும்னா வாளில கோரிக் குளி. தொட்டில கைய வைக்காத. தண்ணி எப்ப நிக்குமோ" என்றாள்.

அப்பாவைக் காணவில்லை. பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். பனிக்குள் ராட்டினம் தெரிந்தது. அப்பா ஒற்றை ஆளாக அதைக் கையால் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தார். நீலத் தொட்டில் கீழே வந்ததும் நிறுத்தி, பூப்பாத்திச் செங்கல்களை அதன் அடியில் அடுக்கினார். பிறகு அதன்மேல் கவிழ்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். எங்களை ஏறவிடாமல், யாருமில்லாத நேரத்தில் இவர் மட்டும் விளையாடுகிறார்.

வெளிச்சம் வந்த பிறகு அறைக்கு வந்தார். கை இரண்டும் முழங்கைவரை கறுப்பு. சுத்தியல் சத்தம் கேட்காமல் இருக்கச் சுற்றிக்கொண்டு போன ஹோட்டலின் வெள்ளைத் துண்டும் கறுப்பு. நேரே குளியலறைக்குப் போய், சேலையை விலக்கி, அம்மாவின் தொட்டித் தண்ணீருக்குள் இரண்டு கையையும் முக்கினார்.

"அய்யோ, ஏந் தண்ணி" என்றாள் அம்மா. அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு துண்டைப் பார்த்தாள். "அவன் துண்டுலா இது. காசு கேப்பானே. எங்கன போயி உருண்டு வந்திய?"

"கால் வழுக்கிட்டு" என்றார் அப்பா.

அம்மா ஒரு மணி நேரம் அந்தத் துண்டைக் கசக்கினாள். நடுநடுவே மூக்கைச் சிந்தினாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் கோரி ஊற்றினேன். ஹோட்டல்காரன் எங்களைப் பிடித்துவைத்துக்கொண்டால் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது என்பது என் கவலை.

ஒன்பது மணிக்கு ராட்டினம் ஆரம்பித்தது. அப்பா எங்களைக் கீழே நிறுத்திவிட்டு, தான் மட்டும் நீலத் தொட்டிலில் ஏறினார். ஏறியவர் சும்மா உட்காரவில்லை. மேலே போகும்போதும் இறங்கும்போதும் எம்பி எம்பிக் குதித்தார். ஓட்டுகிறவன் கத்தினான். மூன்று சுற்று. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். தம்பிகூடச் சிரித்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார். மற்ற தொட்டில்கள் காலியாக இருந்தும் அதே நீலத் தொட்டிலில் எங்கள் இரண்டு பேரையும் தன் இரண்டு பக்கமும் உட்காரவைத்தார். உச்சிக்குப் போனபோது தம்பி கூவினான். கீழே பள்ளத்தாக்கு, அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு ரயில். அப்பா எதையும் பார்க்கவில்லை. இரும்பில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இவ்வளவு காசு கொடுத்து வந்தவர் தூங்குகிறாரே என்று நான் நினைத்தேன்.

மதியம் கிளம்பினோம். துண்டுக்குக் காசு கேட்கவில்லை. அம்மா அதை மடித்து ஹோட்டலின் மற்றத் துண்டுகளுக்கெல்லாம் அடியில் வைத்திருந்தாள். தோட்டத்தைத் தாண்டும்போது ராட்டினம் மறுபடி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி, என் வயதுதான் இருக்கும், நீலத் தொட்டிலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார். ரயிலுக்கு நேரமாகிறது என்று அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தொட்டில் மேலே போனது, வந்தது, போனது. நின்றதும் அந்தப் பெண் குதித்து இறங்கி, தன் அம்மாவிடம் ஓடினாள். அப்பா கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

இப்படியொரு ஹோட்டலை விட்டுவிட்டுப் போகிறோமே என்றுதான் அழுகிறார் என்று எனக்குத் தோன்றியது. முந்தின நாளிலிருந்து சேர்ந்திருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்தேன்.

"அழாதீயப்பா. அடுத்த வருசமும் வரலாம்."

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். "வேண்டாம் தாயி. இனிமே இங்க வர வேண்டாம்" என்றார்.

நான் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தேன். "எம்மா, அப்பாவுக்கு இந்த ஓட்டல் புடிக்கலையாம். இனிமே வரவே வேண்டாமாம்."

அம்மா நின்று, பின்னால் வந்துகொண்டிருந்த அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். உண்மையைச் சொன்ன பெருமையில் நானும் அவள் பின்னாலேயே ஓடினேன்.