அக்காவுக்குத் தைத்த பிடிதுணி

அடுப்பில் பாத்திரம் இறக்க என் மகள் ரப்பர் கையுறை வரவழைத்திருக்கிறாள். சூடு பட்டதும் லேசாக ஒரு தீய்ந்த வாசனை. அவ்வளவுதான், நான் சின்ன வயசில் இருந்த லிங்கராஜபுரத்துக்குப் போய்விட்டேன், ஆட்டோகூடத் தேவைப்படவில்லை.

அங்கே வாடகை வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லை ஒட்டி, அம்மா பருத்திச் செடி வைத்திருந்தாள். பலகையில் பஞ்சை வைத்து இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை தெறித்து ஓடும். பொறுக்குவது நான். பாதி என் பாவாடைக்குள்தான் இருக்கும். பழைய நூல் புடவைக்கு நடுவே அந்தப் பஞ்சை வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தால், சூடான பாத்திரம் இறக்கப் பிடிதுணி. கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு ஆறு பிடிதுணி போகணும், எல்லாம் வீட்டுப் பஞ்சில். அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு வீம்பு.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் செடியெல்லாம் மாவுப்பூச்சி. நாலு துணிக்குத்தான் பஞ்சு தேறியது. நான் அப்போது கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை. குழந்தைகள் ஜாக்கெட்டுக்கு வைக்கிற பாலியஸ்டர் பஞ்சில் மிச்சத்தைக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் இரண்டு துணியை முடித்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு!

அம்மா தடவிப் பார்த்தாள். "இப்பதான்டி உன் கைக்குத் தையல் வந்திருக்கு."

கல்யாணமான மூன்றாம் மாதம் சிவாஜிநகர் புகுந்த வீட்டிலிருந்து அக்கா வந்தாள், வலது கையில் கட்டோடு.

"தோசைக்கல்லு தவறிடுச்சும்மா, வேற ஒண்ணுமில்ல."

என்னை மட்டும் பின்பக்கம் கூட்டிப்போய், பையிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். உள்ளே எல்லாம் உருகி, கறுத்து, கல்லாக இறுகியிருந்தது.

"உள்ள என்னடி வச்சே?"

"நம்ம பஞ்சுதான்."

துணியைத் திரும்பப் பைக்குள் திணித்தாள். "சரி விடு. அம்மாகிட்ட சொல்லிடாதே. மாமியார் ஆறையும் குப்பையில போட்டுட்டாங்க. இத மட்டும்தான் அதுலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்."

ஐயோ என்று பதறியிருக்கணும் இல்லையா? எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உள்ளே போய் ரசம் சாதம் சாப்பிட்டேன். அதற்கப்புறம் அக்கா வரும்போதெல்லாம் அம்மா, "துணி நல்லா உழைக்குதாடி?" என்பாள். "சூப்பரா இருக்கும்மா" என்பாள் அக்கா. நான் டிவி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா போய்விட்டாள். அந்த இடத்தில் இப்போது நாலு மாடி பிஜி ஹாஸ்டல். துவைக்கிற கல் இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. போன வருஷம் அக்காவும், ஆஸ்பத்திரியில். கடைசி நாள் நான்தான் பக்கத்தில். அழுகை வரவில்லை. குனிந்து, "அக்கா, அது நம்ம பஞ்சு இல்ல" என்றேன். நர்ஸ்தான் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்று கேட்டாள்.