நின்று சமைக்க ஓர் அடுப்பு

சண்முகசுந்தரம் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. வரிச்சிக்குடியில் எங்களுக்கு அடுத்த வீடு. காரைக்காலில் ஒரு நெல் மண்டியில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரசமட்டமும் தூக்குக்குண்டும் சைக்கிள் பையில் ஏறிவிடும். யார் வீட்டுச் சமையலறையில் புகை அடைகிறது, எந்தத் தரையில் தண்ணீர் தேங்குகிறது என்று தேடிப்போய்ச் சரிசெய்து கொடுப்பார். கூலி வாங்கமாட்டார். காபி கொடுத்தால்கூட நின்றுகொண்டேதான் குடிப்பார்.

எழுபத்தொன்பதில் என் வீட்டுச் சமையல் மேடையைக் கட்டியவரும் அவர்தான். என்னைச் சுவரோரம் நிறுத்தி, குழம்பு கிண்டுவதுபோல் கையை ஆட்டச்சொன்னார். என் முழங்கை நின்ற இடத்தில் என் வீட்டுக்காரர் கரியால் கோடு போட்டார்.

"அடுப்புல ஏத்துன பானையோட வாய் இந்தக் கோட்டத் தாண்டக்கூடாதும்மா. தாண்டினா தோள் கடுக்கும்" என்றார் அண்ணன்.

கிழக்கு ஜன்னலுக்கு இரும்புக் கம்பி வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும், மரச்சட்டமே போதும் என்றார். அடுப்புக்கு நேர்மேலே பலகை அடித்தால் டப்பா எடுக்கப்போய்ச் சேலையில் தீப்பிடிக்கும் என்றார். சொன்னதெல்லாம் சரி.

சரியில்லாதது அவர் வீட்டு அடுப்பு ஒன்றுதான். அவர் மனைவி தையல்நாயகி அக்காவுக்கு முழங்கால் வலி. தரையடுப்பின் முன் உட்கார்ந்தால், சுவரைப் பிடித்து முனகிக்கொண்டு எழுவதற்குள் குழம்பு பொங்கி வழிந்துவிடும். நின்று சமைக்க ஓர் அடுப்பு, அவள் கேட்டது அவ்வளவுதான். அண்ணனும் மேடை கட்டினார். கட்டி முடித்த வாரமே, காற்று மாறினால் புகை உள்ளே வரும் என்று இடித்தார். மறுபடி கட்டினார். சீக்கிரமே கேஸ் அடுப்பு வரப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்கு வேறு உயரம் வேண்டுமென்று அதையும் இடித்தார்.

"அவசரப்படாத தையலு. ஒருதடவ செஞ்சா காலத்துக்கும் நிக்கணும்."

"அதுவரைக்கும் என் காலு நிக்கணுமில்ல?"

கொல்லைத் தாழ்வாரத்தில் மூன்று செங்கல்லை வைத்து அவள் சமைத்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். ஒரு ஐப்பசி மழையில், ஈர விறகை ஊதிவிட்டு எழும்போது கால் மடங்கி, கொதிக்கிற உலைப்பானையில் கையை ஊன்றிவிட்டாள். உள்ளங்கை வெந்துபோயிற்று.

மறுநாள் கையில் கட்டும் இடுப்பில் பானையுமாக என் வீட்டுக்கு வந்தாள். "அல்லி, உன் மேடையில ஒரு ஓரமா சோறு வடிச்சுக்கட்டுமா?"

அவள் வடிக்கிற நேரத்துக்கு அண்ணன் பசியோடு தேடி வந்தார். வந்த மனிதர் மனைவியின் கையைப் பார்த்தாரா? மேடை ஓரத்தில் பூச்சு பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். "இத ஒரு மணி நேரத்துல..."

"கைய எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "ஊருல உள்ள பொம்பளைங்களுக்கெல்லாம் கோடு போட்டீங்க. என்னைய ஒருநாளாவது சுவத்தோரம் நிறுத்திப் பாத்தீங்களா?"

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. சாப்பிடாமல் போய்விட்டார். மறுநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, என் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தவளை வந்து அழைத்துப்போனார். சுவரோரம் நிறுத்தி, தானே கரியால் கோடு போட்டாராம். அந்த வாரத்திலேயே மேடை எழும்பியது.

பூச்சு காய்ந்ததும் பார்க்கப் போனேன். ஜன்னலுக்குச் சட்டமில்லை, பக்கச்சுவர் அரைகுறையாக நின்றது. "இன்னும் முடியலம்மா, அடுப்ப மட்டும் கொஞ்சம் தள்ளி..." என்று அண்ணன் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் அக்கா உலையேற்றிவிட்டாள்.

ஆறு வருஷமாகிறது. அவருக்கு இன்னும் கை பரபரக்கிறது. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறார். எரிகிற அடுப்பை இடிக்க யாருக்குக் கை வரும்? ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறாள். சமையல் முடிந்தால் வெந்நீர்ப் பானையை ஏற்றிவிடுகிறாள். இருட்டும்வரை அடுப்பை அணையவிடுவதில்லை.