குடில் வரை ஓடிய வெளிச்சம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பரில், எங்கள் இரும்புலியூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் போயிற்று. கல்லூரியில் பௌதிகம் முடித்திருந்த அக்கா அங்கே உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மாதா கோயில் வாசலிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் வரை ஒரு சிவப்புப் புள்ளி ஓடும், ஞானிகளுக்கு வழிகாட்டும் நட்சத்திரம் அதுதான் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இருபுறமும் கால் முளைத்த கறுப்பு ஐசி சில்லு ஒன்று பத்து வரைதான் எண்ணும். ஓர் எண்ணுக்கு ஒரு எல்இடி விளக்கு. அந்தத் தூரத்துக்கு அது போதாது. பின்னால் இன்னொன்றைச் சேர்த்தாள். முதல் வரிசை முழுச் சுற்று ஓடி முடித்தால்தான் இரண்டாவது ஒரே ஓர் அடி நகர்ந்தது. இரண்டு வரிசையிலும் ஒரே சமயத்தில் ஒவ்வொரு புள்ளி எரிந்தது.

"ரெண்டு ஏசு பொறந்துட்டாரா?" என்றான் அக்காவுக்கு இளையவனான அண்ணா. அக்கா சிரிக்கவில்லை. முதல் ஐசி தன் கடைசி எண்ணில் நின்று அடுத்ததை ஓடவிடும்படி கம்பிகளை மாற்றி மாற்றிப் போட்டாள். கடைசியில் ஒரே புள்ளி அடுத்த வரிசைக்குத் தாவியபோது மேசையைத் தட்டினாள்.

"போயிடுச்சுடி! பாத்தியா, போயிடுச்சு!"

கோயில் விழாவன்று மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. விழா முடிந்ததும் எங்கள் வீட்டில் கேக், காப்பி.

"லைட்டெல்லாம் தம்பி செஞ்சதா இருக்கட்டும்மா. நீ அம்மாகூட உக்காந்துக்க," என்றார் அப்பா. அண்ணாவுக்கு ஸ்விட்ச் போடத் தெரியும்.

விழாவில் புள்ளி பாதி வழியில் நின்றுவிட்டது. அதைப் பின்தொடர்ந்த ஞானி வேடக்காரர்களும் நின்றார்கள். ஒருவர் தாடியைச் சொறிந்துகொண்டார். அண்ணா பெட்டியைத் தட்டினான், ஊதிப் பார்த்தான். எல்லோரும் அவனைப் பார்க்க, மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருக்காதே," என்று அக்காவின் முந்தானையைப் பிடித்தாள் அம்மா.

அக்கா அம்மாவின் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டு எழுந்து போனாள். பட்டுப்புடவையோடு மண்டியிட்டு, பெட்டியைத் திறந்து, கழன்றிருந்த ஐசியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். புள்ளி குடில்வரை ஓடிற்று.

"அந்தப் பொண்ணா செஞ்சுது?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். நான் கை சிவக்கத் தட்டினேன்.

வீட்டில் காப்பி ஆறிப்போயிற்று. யாரும் வரவில்லை. அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றிருந்தார்.

"ஏங்க்கா அவங்க வரல?"

"ட்ரெயினுக்கு டைமாயிடுச்சாம்டி."

பக்கத்துத் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு மின்சார ரயிலை விட்டால் அடுத்தது வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். இருந்தும் நம்பினேன். அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கேக்கில் பெரிய துண்டாக வெட்டி எடுத்தாள். நல்லதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். சமையலறையில் அம்மா எதற்கு அழுகிறாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.