விலைச்சீட்டுத் தொங்கிய கூடாரங்கள்

தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயின் வாசனை, புது ரப்பர், இன்னும் ஒரு மழையையும் காணாத துணி, இவற்றுக்கெல்லாம் அடியில் எங்கேயோ பதுங்கியிருக்கும் மெல்லிய இரும்பு வாடை. அந்தக் கடையின் கதவைத் தள்ளியதும் முதலில் மூக்கில் ஏறியது இதுதான். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் காட்டில் இரவு தங்குவதற்கும் வேண்டிய சாமான்கள் விற்கும் கடை அது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான நார்த்மீட்டின் பெரிய வீதியில், டயர்க்கடைக்கும் மெத்தைக்கடைக்கும் நடுவில், ஒரு ஜன்னலும் இல்லாமல், பகலிலும் குழல்விளக்கு எரிய, நிலத்துக்குக் கீழே இருப்பதைப்போல இருந்தது. சுவரின் உயரத்தில் மான் தலைகளும் ஒரு காட்டுப்பன்றித் தலையும் கண்ணாடிக் கண்களால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இலைநிற உடுப்புப் போட்ட பொம்மைகளுக்கு முகமே இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுவதைப்போல ஒவ்வொரு பொம்மையின் மணிக்கட்டிலும் ஒரு விலைச்சீட்டுத் தொங்கியது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டின் குளிர்காலம். எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் மலைப்பக்கம் கூட்டிப்போவதாகச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள்: குளிர் தாங்கும் படுக்கைப்பை, மழைக்கோட், நெற்றியில் கட்டும் டோர்ச். அதை அவர்கள் "காம்ப்" என்றார்கள். அந்தச் சொல்லை வீட்டில் சொல்லவேண்டாம், ட்ரிப் என்று சொல் என்றாள் அம்மா, ஏனென்றால் வீட்டில் சித்தப்பா இருந்தார்.

அப்பாவின் தம்பி அவர். படகில் வந்து, தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, அந்தக் குளிர்காலத்தில்தான், முடிவு வரும்வரை தங்கவிடும் பிரிட்ஜிங் விசாவோடு வெளியே வந்து, டூங்கபியில் எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு கட்டிலும் ஒரு கதிரையுமாகக் குடியிருந்தார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் சித்தியும் அவர்களுடைய ஒரே மகள் ஆரணியும் சனக்கூட்டத்துக்குள் அவருடைய கையை விட்டுப் போனவர்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. அவர்கள் இருவரையும் பற்றி யாரும் இறந்தகாலத்தில் பேசுவதில்லை. "ஆரணிக்கும் உன்ர வயசுதான்", "ஆரணி பால் குடிக்காது", "சித்தி நல்லாப் பாடுவா." படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை, திவசம் கொடுக்கவில்லை. சித்தப்பாவின் படிவங்களை நிரப்பியது நான்தான், என் கையெழுத்து வட்டமாக இருக்கும் என்பதற்காக. பிள்ளைகள் எத்தனை என்ற கட்டத்தில் ஒன்று என்றும், எங்கே வசிக்கிறார் என்ற கட்டத்தில் தெரியாது என்றும் எழுதினேன். அந்த இரண்டாவது கட்டத்தை நான் எழுதும்போது சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அடுத்த வியாழக்கிழமை அவருக்கு நேர்காணல். இந்த நாட்டில் இருக்கலாமா, திரும்பிப் போகவேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் நேர்காணல். அதுவரைக்கும் ஒரு சண்டை, ஒரு பொலிஸ், ஒரு புகார் என்று எதுவும் அவர் பெயரோடு ஒட்டிவிடக்கூடாது என்று லோயர் சொல்லியிருந்தார். அப்பா அதையே காலையும் மாலையும் ஒப்பித்தார். "தம்பி, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. பிள்ளை, நீயும்தான்."

அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் அப்பா பட்டியலைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, சித்தப்பா விலைகளை வாசித்துக்கொண்டு பின்னே வந்தார். புதிதாக வந்தவர்கள் எல்லோருக்கும் இருந்த "நூத்திமுப்பதாலை பெருக்கிற வருத்தம்" என்ற நோய் அவருக்கும் இருந்தது. டொலரைக் கண்டால் கண் தானாக ஊர் ரூபாய்க்கு, ஒன்றுக்கு நூற்றிமுப்பது என்று, மாற்றிவிடும். படுக்கைப்பை நூற்று எண்பத்தொன்பது டொலர்.

"அண்ணை, இருபத்துநாலாயிரத்தி ஐஞ்சூறு ரூபா. ஒரு சாக்குக்கு."

"சாக்கில்லையடா. உள்ளுக்குத் தாரா வாத்தின்ர தூவி."

"தாராவையும் சேத்துத் தருவாங்களோ?"

அப்பா சிரித்துவிட்டார். சித்தப்பா அப்படித்தான், முகத்தில் ஒன்றும் அசையாமல் சொல்வார், கேட்டவர்தான் சிரிக்கவேண்டும்.

கடையின் கடைக்கோடியில் ஒரு நீளமான கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் பூட்டிய கம்பிக் கதவுக்குள் அடுக்கடுக்காகச் சின்னச் சின்னப் பெட்டிகள். தீப்பெட்டிக் கட்டுகள் என்று நினைத்தேன். நீங்களும் தூரத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அங்கே தொப்பி போட்ட ஒரு கிழவர் விற்பனையாளரோடு வாதாடிக்கொண்டிருந்தார். போன வருடத்து விலை என்ன, இப்போது என்ன விலை, இது பகல் கொள்ளை, இனி ஒரு முயலைச் சுடுவதென்றாலும் வங்கியில் கடன் கேட்கவேண்டும் என்று புலம்பினார். விலை வைப்பது நானில்லை, எனக்கும் சேர்த்துத்தான் ஏறியிருக்கிறது என்றான் விற்பனையாளன். செம்பட்டைத் தாடி வைத்த இளைஞன், பேச்சில் ஒரு குழைவு. கிழவர் துணைக்கு ஆள் தேடித் திரும்பி, சித்தப்பாவைப் பார்த்து, விலை அதிகம்தானே என்று கேட்டார்.

"கேக்கிறார், விலை கூட இல்லையோ எண்டு," என்றேன் நான்.

சித்தப்பா கம்பிக்குள் உற்றுப் பார்த்தார். இருபது தோட்டாக்கள் உள்ள பெட்டி முப்பத்தாறு டொலர். அவருடைய உதடுகள் பெருக்கிப் பிறகு வகுத்தன. அந்த உதடுகளைத் தவிர அவரில் வேறொன்றும் அசையவில்லை.

"ஒண்டு இருநூத்தி முப்பத்துநாலு ரூபா," என்றார் தாழ்ந்த குரலில். "பாத்தியே அண்ணை, எங்களுக்காக எவ்வளவு காசு செலவழிச்சிருக்கிறாங்கள்."

இந்தமுறை அப்பா சிரிக்கவில்லை. "வாடா இஞ்சால," என்று கையைப் பிடித்து இழுத்தார். கிழவர் பதிலுக்குக் காத்து என்னைப் பார்த்தார். ஓம், கூடத்தான் என்று சொல்கிறார் என்றேன். கிழவருக்குத் திருப்தி.

அப்பா படுக்கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய் விற்பனையாளனிடம் "லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்டார். அதில் எழுதியிருப்பதுதான் முதல் விலையும் கடைசி விலையும் என்று அவன் சிரித்தான். சரி, ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் இப்படியொரு சாமான் இருந்தது, இரவல் கேட்டுப் பார்க்கிறேன், உள்ளே சிக்னல் இல்லை, "சித்தப்பாவோட நில்லு" என்று சொல்லிவிட்டு அப்பா போனோடு வெளியே போனார்.

சித்தப்பா கூடாரங்களின் பக்கம் போயிருந்தார். பச்சை பிளாஸ்டிக் புல் விரித்து அதன்மேல் ஐந்தாறு கூடாரங்களை விரித்துக் காட்டிவைத்திருந்தார்கள், வாசல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, ஒவ்வொரு வாசலிலும் விலைச்சீட்டு. எல்லாவற்றிலும் பெரியது எழுநூற்று நாற்பத்தொன்பது டொலர். அவர் துணியை இரண்டு விரலால் நெருடி, தையலை நகத்தால் கீறி, "தறப்பாளுக்கு ஒரு லட்சம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். யுத்தத்தின் கடைசியில் ஓடிய சனத்துக்கு வீடாக இருந்தது அந்தத் தார்ப்பாய்தான். விடுமுறைக்குப் போய்த் தங்குவதற்குத்தான் சனம் இதை வாங்குகிறது என்று நான் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். காற்றே இல்லாத கடைக்குள் அந்தக் கூடாரங்களின் வயிறுகள் ஏறி இறங்குவதைப்போல எனக்குத் தோன்றியது.

நான் ஒன்றும் வாங்காமல் நிற்பதைக் கண்டு இரங்கித்தான் அந்தத் தாடிக்காரன் என்னைக் கூப்பிட்டான். இந்தக் கடையிலேயே மலிவான சாமான் எது தெரியுமா என்று கேட்டு, ஒரு சோடா மூடி அளவு தகரத்துண்டைக் காட்டினான். இரண்டாக மடித்து நடுவில் துளைபோட்ட தகரம், ஐந்து டொலர்கூட இல்லை. நரி விசில். நரியை நாம் தேடிப்போகத் தேவையில்லை, முயல் வலையில் மாட்டினால் எப்படி அழுமோ அப்படி இதை ஊதினால் நரி தானாக வரும் என்றான். பிறகு அதைப் பல்லுக்கிடையில் வைத்து ஊதினான்.

நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. முயல் என்று அவன் சொல்லியிருக்காவிட்டால் நான் முயல் என்று நினைத்திருக்கமாட்டேன். மூச்சு முட்ட முட்ட, விட்டுவிட்டு, மேலே ஏறி உடைந்து, மறுபடியும் ஏறும் ஒரு சின்னப்பிள்ளையின் அழுகை. அது ஜன்னலில்லாத அந்தக் கடையின் நாலு சுவரிலும் பட்டு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் நின்றது.

சித்தப்பா முழந்தாளில் விழுந்தார். விழுந்தவர் அப்படியே கையூன்றித் தவழ்ந்து முதல் கூடாரத்துக்குள் தலையை விட்டார். வெளியே வந்தார். அடுத்ததன் ஸிப்பைக் கிழிப்பதைப்போல இழுத்தார்.

"ஆரணி... அப்பா வந்திட்டன். சத்தம் போடாத. அப்பா வந்திட்டன்."

கூச்சல் இல்லை, கிசுகிசுப்பு. அதுதான் பயங்கரம். உள்ளே நிரப்பிவைத்திருந்த காகிதங்கள், ஒரு பிளாஸ்டிக் விளக்கு, விலைப்பலகை எல்லாம் வெளியே வந்து விழுந்தன. தொப்பிக் கிழவர் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றார். தாடிக்காரன் வாயிலிருந்து விசிலை எடுத்து, அவருக்கு என்ன, சுகமில்லையா, யாரையாவது கூப்பிடவேண்டுமா என்று கேட்டான். கேட்கும்போதே அவனுடைய கை மேசைமேலிருந்த டெலிபோனை எடுத்துவிட்டது.

வியாழக்கிழமை. எனக்கு நினைவில் வந்தது அது ஒன்றுதான்.

நாங்கள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுகிறோம் என்றேன் ஆங்கிலத்தில். இப்போது நான் ஒளியவேண்டிய முறை என்றேன். சொல்லிவிட்டால் செய்துகாட்டவேண்டுமே. ஓடிப்போய்க் கடைசியில் நின்ற பெரிய கூடாரத்துக்குள் புகுந்தேன். அந்த அவதியிலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன், எங்கள் வீடுகளில் வளர்ந்த கால் அது, வேறு என்ன செய்யும். உள்ளே குளத்தின் அடியில் இருப்பதைப்போல ஒரு பச்சை வெளிச்சம். மல்லாந்து படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தவழும் சத்தம் நெருங்கி வந்தது. சப்பாத்தடியில் நின்றது. அவருடைய கை உள்ளே வந்து என் காலைத் தொட்டு, கணுக்காலைத் தடவி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தது.

"ஆரணியோ?"

இல்லை சித்தப்பா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் தேடுவதை நிறுத்தமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஓம் அப்பா," என்றேன்.

அவர் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், பதினொரு வயதுப் பெண்ணை, எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்குவதைப்போல. தாடிக்காரன் போனை வைத்துவிட்டுக் கைதட்டினான். ஆளைக் கண்டுபிடித்துவிட்டாரே என்றான். கிழவரும் சிரித்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார் சித்தப்பா.

"நீங்கள் கண்டுபிடிச்சிட்டியளாம்."

"ஓம்," என்றார் அவர் அந்த வெள்ளைக்காரனைப் பார்த்து, தமிழிலேயே. "கண்டுபிடிச்சிட்டன்."

வெளியே அப்பா இரவல் கிடைத்த சந்தோஷத்தில் நின்றார். கடைக்குள் நடந்ததை அவருக்கு மறைத்துவிட்டேன். சித்தப்பாவைப் பொலிஸிடமிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு முன்னால் நடந்தேன். காரில் சித்தப்பா கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

வியாழக்கிழமை போய் வெள்ளிக்கிழமை லோயர் அப்பாவுக்குப் போன் எடுத்தார். நேர்காணலில் பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது, மகள் கிடைத்துவிட்டாள், டூங்கபியில் என்னோடுதான் இருக்கிறாள் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். படிவத்தில் இருப்பதற்கும் சொன்னதற்கும் முரண். அந்த ஒரு மறுமொழிக்குப் பிறகு மற்ற எல்லா மறுமொழிகளையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்றார் லோயர்.

"ஏனடா அப்பிடிச் சொன்னனீ? ஏனடா?" அப்பா குசினியில் நின்று கத்தினார். அம்மா அழுதாள். சித்தப்பா கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தார். கோபமோ கெஞ்சலோ இல்லை, நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருக்கும் பார்வை. பட்டியலில் டோர்ச் மட்டும் இன்னும் வாங்கவில்லை, மறந்துவிடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நான் என் அறைக்குப் போனேன்.

மூன்று மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அதன்மேல் முறையீடு, அதன்மேல் இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் இடையில் வருடங்கள். மெல்பேர்னில் தெரிந்தவர்கள் வேலை எடுத்துக் கொடுக்க அவர் ஸ்பிரிங்வேலுக்குப் போய்விட்டார். போன பிறகு, வருடத்தில் ஒரு நாள், தை மாதத்தில், என்னுடைய கைப்போனுக்கு மட்டும் எடுப்பார். "பிள்ளை, இண்டைக்கு உனக்குப் பிறந்தநாள்," என்பார். என் பிறந்தநாள் ஆடியில். "ஓம் அப்பா," என்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பார், குளிரா என்று கேட்பார், உண்மையான ஆரணி மட்டுமே சொல்லக்கூடிய எதையும் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டாரா என்பதை நானும் கேட்கவில்லை. இப்படி வருடத்தில் இரண்டு தடவை எனக்கு வயது ஏறியது.

அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே உடற்பயிற்சி நிலையம் ஒன்று வந்து, சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டு, வெளிச்சம் உள்ளே விழுகிறது. நூற்றிமுப்பதால் பெருக்கும் வருத்தமும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. அப்பா இப்போது விலை அதிகமென்றால் "கூட" என்று மட்டும் சொல்கிறார். போன வருடத் தையில் முதல்தடவையாகப் போன் வரவில்லை. நான் எடுத்தபோது அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது ஒரு பெண்குரல். அவரோடு இருந்த பொடியன்கள் வேறு இடத்துக்கு வேலைக்குப் போயிருப்பார் என்கிறார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்களோ தெரியாது என்கிறார்கள். அப்பா அவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுவதில்லை.

இந்த வருடமும் ஆரணியின் பிறந்தநாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். இருட்டியபிறகு அப்பாவைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, அந்தக் கூடாரத்துக்குள் நான் என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். அவர் எழுந்து போய், அலுமாரியிலிருந்து சித்தப்பாவின் கோப்பை எடுத்துவந்து, என் வட்டமான கையெழுத்தில் தெரியாது என்று எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். "பிள்ளை, தம்பிக்கும் இப்ப இதுதான் மறுமொழி," என்றார்.