என்ன கூட்டமுங்க?

கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த சென்னகேசவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. தொண்ணூற்றொன்பதில் காந்திபுரத்தில் பிரவுசிங் சென்டர் திறந்ததிலிருந்து, ஞாயிறு மத்தியானம் ஆனால் மனுஷன் அங்கேதான். ‘கொங்கு அரட்டை’ என்று இணையத்தில் ஓர் அறை. துபாய், சிங்கப்பூரில் இருக்கிற இந்தப் பக்கத்து ஆட்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி ஊர்க்கதை பேசுவார்கள். முகம் தெரியாது. அதுதான் அவருக்குப் பிடித்தது.

வீட்டில் அவர் பேசுவது தெலுங்கு. எத்தனையோ தலைமுறையாகக் கோயமுத்தூர்தான். ஆனாலும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஊரைக் கேட்ட கையோடு, “என்ன கூட்டமுங்க?” என்பார். கவுண்டர் வீடுகளில் குலத்தைக் கேட்கும் சாதாரண விசாரிப்பு அது. ஒரே கூட்டமென்றால் பங்காளி, வேறென்றால் மாமன் மச்சான். “நாங்க நாயுடுங்க” என்று இவர் சொன்னதும், “ஓ, அப்படிங்களா” என்று அவர் இலைப் பக்கம் திரும்பிக்கொள்வார். சின்ன வயதிலிருந்தே அந்த ‘அப்படிங்களா’ இவருக்கு ஆகாது. அரட்டையில் ‘கொங்குக் கேசவன்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அங்கேதான் கனகம் வந்தாள். தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரி. பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். தமிழ் அரைகுறையாகப் புரியும், பேச வராது; கொடுமுடி என்ற ஊர்ப்பெயர் மட்டும் வீட்டில் மிஞ்சியிருந்தது. அங்கே காவிரி எப்படி இருக்கும், படித்துறை எப்படி இருக்கும் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே இருப்பாள். “போட்டோ புடிச்சு அனுப்பறேன் அம்மணி” என்று கேசவன் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரு ஞாயிறு, துபாயிலிருந்த பொங்கியண்ணன் பொழுது போகாமல் விசாரிக்க ஆரம்பித்தார்.

“கேசவண்ணா, நீங்க என்ன கூட்டமுங்க? இத்தன நாளாக் கேக்காமயே உட்டுப்போட்டனுங்க.”

கேசவன் அப்போதே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“என்னைய உடுங்க. மொதல்ல நம்ம கனகத்தக் கேளுங்க” என்று தள்ளிவிட்டார். அவளுக்குத் தெரியாது என்பது தெரிந்தேதான் தள்ளினார்.

கூட்டம் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அறையே சிரித்தது. தமிழும் தெரியாது, கூட்டமும் தெரியாது, ஆப்பிரிக்கக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவன் தட்டினான். “அங்கிள், நீங்களாவது சொல்லுங்கள்” என்று கேசவனைக் கேட்டாள். அங்கிள் ஓர் எழுத்துத் தட்டவில்லை. “இங்கே டர்பனில் எங்களை இந்தியாவுக்குப் போ என்கிறார்கள்” என்று எழுதிவிட்டு அவள் போய்விட்டாள். அப்புறம் வரவேயில்லை.

கேசவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மனைவி கோமளா தெலுங்கில் என்னவென்று விசாரித்தபோது, அந்தத் தெலுங்கே அவரைச் சுட்டது. பஸ் ஏறிக் கொடுமுடி போய்ப் படித்துறையைப் போட்டோ பிடித்து வந்தார். அனுப்ப விலாசம் ஏது?

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் எல்லோரும் இருக்கையிலேயே தட்டினார்.

“எனக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க. ஊட்டுல தெலுங்குதானுங்க. அத மறைக்கத்தான் அந்தப் புள்ளைய மாட்டி உட்டுப்போட்டேன்.”

விரட்டுவார்கள் என்று காத்திருந்தார். விரட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

“இதுக்குப் போயி இத்தன யோசனைங்களா?” என்று எழுதினார் பொங்கியண்ணன். “நீங்க நம்மூருக்காரருங்கண்ணா. அப்பறம், கோயமுத்தூர்ல மழைங்களா?”

அவ்வளவுதான். கனகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்கும் இடத்துக்காக அவளைத் தள்ளிவிட்டோமே என்று கேசவனுக்கு உறைத்தது. சட்டைப்பையில் அந்தப் போட்டோ இருந்தது. மழையைப் பற்றிக் கேட்டவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தார்.